பிஎச்டிக்கு ட்ரையல் செய்யச் சொல்கிறார்கள். ட்ரையல் செய்யக் கற்றுத்தர ஆளில்லை. என்ன வழி?

டெல்டா நர்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். சமூக சுகாதார நர்சிங்கில் எம்.எஸ்சி முடித்து, ஒரு கல்லூரியில் டியூட்டராக இருந்துகொண்டே பகுதிநேர பிஎச்டி செய்கிறேன். இப்போது இரண்டாம் ஆண்டு. ஊர் திருவாரூர் பக்கம்.

வயல் வேலைக்குப் போகும் பெண்களின் புகையிலைப் பழக்கம்தான் என் தலைப்பு. நடவு நாட்களில் எங்கள் பக்கம் வந்தால் பார்க்கலாம். காலையில் சேற்றில் இறங்கும்போதே வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கியிருப்பார்கள். பசி தெரியாது, இடுப்புவலி தெரியாது என்பார்கள். என் பெரியம்மாவும் முப்பது வருடம் அப்படித்தான் போட்டார். கன்னத்துக்குள் வந்த புண் புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கியதற்கு அதுதான் காரணம்.

ட்ரையல் என்றால் ஒரு சிகிச்சையை ஒரு குழுவுக்குக் கொடுத்து, கொடுக்காத குழுவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. என் திட்டம் இது. ஆறு முறை கவுன்சலிங், நடுவில் போன் அழைப்புகள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது. ஒரு ஒன்றியத்தில் 150 பேருக்குக் கவுன்சலிங், பக்கத்து ஒன்றியத்தில் கவுன்சலிங் இல்லாத 150 பேர் கன்ட்ரோல், மொத்தம் 300 பேர் என்று கைடு முடிவு செய்திருக்கிறார். தலைப்பில் ஆர்சிடி (குலுக்கல் முறையில் குழு பிரித்துச் செய்யும் ட்ரையல்) என்று இருக்க வேண்டுமாம்.

என் கைடு நல்ல மனிதர், மாணவர்களை அலையவிடாதவர். ஆனால் அவர் இதுவரை செய்ததெல்லாம் சர்வே. கவுன்சலிங்கை நான் சரியாகத்தான் செய்கிறேனா என்று யார் பார்ப்பார்கள் எனக் கேட்டேன். "நீ நர்ஸ்தானே, உனக்குப் பேசத் தெரியாதா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. யார் எந்தக் குழு என்று குலுக்கிப் பிரிக்கும் ரேண்டமைசேஷனைப் புத்தகம் படித்துப் புரிந்துகொண்டேன். ஆனால் அதை யாரும் செய்து நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. ஊசி போடுவதைக்கூட எனக்கு ஒருவர் கையைப் பிடித்துத்தான் சொல்லிக்கொடுத்தார்.

இதை எங்கே போய், யாரிடம் கற்பது? 300 பேர் திட்டத்தை அப்படியே செய்யலாமா? வெளியிலிருந்து ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களத்து மீனா

தங்கை, உங்கள் பெரியம்மாவைப் பற்றிப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எம்.எஸ்.டபிள்யூ படித்துவிட்டு, விழுப்புரம் பக்கக் கிராமங்களில் நடந்த ஒரு சர்க்கரை நோய்த் தடுப்பு ட்ரையலில் கவுன்சலராகச் சேர்ந்தேன். மூன்று வருடம் அந்த வேலை. பிறகு அதே குழுவில் ஒருங்கிணைப்பாளர். அதற்கப்புறம்தான் பிஎச்டி. எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி, அந்தக் குழுவை நடத்திய மேடம் பக்கத்தில் உட்கார்ந்து கற்றது.

முதல் மாதம் நான் நடத்திய ஓர் அமர்வின் ஒலிப்பதிவை மேடம் என்னை வைத்துக்கொண்டே கேட்டார். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார். நாற்பது நிமிட அமர்வில் முப்பத்தொரு நிமிடம் நான் பேசியிருந்தேன், எதிரே இருந்த அம்மா ஒன்பது நிமிடம். மேடம் திட்டவில்லை. "பதினேழாவது நிமிஷத்தில அவங்க ராத்திரிச் சாப்பாட்டைப் பத்தி ஒண்ணு சொல்ல வந்தாங்க, கேளு" என்று திரும்பப் போட்டார். அவர் கணவர் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வரப் பத்து மணியாகும். அவருக்குப் போட்டுவிட்டுத்தான் இந்த அம்மா சாப்பிடுவார். அதைச் சொல்லத்தான் வாயெடுத்திருக்கிறார். நானோ அதற்குள் "எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள்" என்று அடுத்த பாடத்துக்குப் போயிருந்தேன். அந்த வாரம் முழுக்க என் பதிவுகளை நானே கேட்டேன். எந்தப் புத்தகமும் எனக்கு இதைக் காட்டியிருக்காது.

மாத்திரையை வைத்து ட்ரையல் செய்தால், எல்லா மாத்திரையும் ஒரே அளவில் இருப்பதைத் தொழிற்சாலை பார்த்துக்கொள்ளும். நம் ட்ரையலில் மருந்து நம் பேச்சுதான். திங்கட்கிழமை பேசியதும் வெள்ளிக்கிழமை களைத்துப்போய்ப் பேசியதும் ஒன்றா என்று யாராவது கேட்டுப் பார்க்காவிட்டால், கடைசியில் "கவுன்சலிங் பலன் தரவில்லை" என்று வரும் முடிவுக்குப் பொருளே இருக்காது. கவுன்சலிங் பலன் தரவில்லையா, கவுன்சலிங்கே நடக்கவில்லையா என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது.

கோவாவில் சங்கத் என்ற மனநல அமைப்பினர் செய்ததைத் தேடிப் படியுங்கள். மனச்சோர்வுக்கு, மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களைக் கவுன்சலர்களாகப் பழக்கி, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரைச் சேர்த்து ட்ரையல் நடத்தினார்கள். 2017ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாதத்தில் மனச்சோர்வு நீங்கியவர்கள் கவுன்சலிங் குழுவில் 64 சதவீதம், மற்றக் குழுவில் 39 சதவீதம். எனக்கு அந்த எண்ணைவிட முக்கியமாகப் பட்டது வேறு. கவுன்சலர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் அமர்வை இன்னொருவர் கேட்டு, ஓர் அளவுகோலை வைத்து மதிப்பெண் போட்டார்கள். நிபுணர்களும் அதே பதிவுகளுக்குத் தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட்டார்கள். உங்கள் கைடிடம் "யார் பார்ப்பார்கள்" என்று கேட்டீர்களே, அது மிகச் சரியான கேள்வி. அதற்கு இதுதான் பதில்.

இன்னொன்று அளவெடுப்பது. ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. "விட்டுட்டேம்மா" என்று உங்கள் முகத்துக்காகவே சொல்வார்கள். யார் எந்தக் குழு என்று தெரியாத வேறொருவர்தான் போக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் வரும். எங்கள் ஆய்வில் அளவெடுக்கப் போன பையன் திண்ணையில் உட்கார்ந்ததுமே ஒரு பாட்டி, "அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே சோத்தைக் கொறைச்சிட்டேன் தம்பி" என்றார். மறைப்பு அங்கேயே உடைந்துவிட்டது. அதற்கப்புறம் மேடம் ஒரு வாக்கியம் எழுதிக்கொடுத்தார். "உங்களை யார் வந்து பார்த்தாங்க, என்ன சொன்னாங்கன்னு என்கிட்ட சொல்ல வேண்டாம்மா. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்." வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். அப்படியும் உடைந்தால் படிவத்தில் அதற்கென்று வைத்த கட்டத்தில் குறிக்க வேண்டும்.

நூறு நாள் வேலைத் தளத்தில் இரண்டு குழுப் பெண்களும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருத்தியிடம் நாம் சொன்னது மாலைக்குள் இன்னொருத்திக்குப் போய்ச் சேரும். இதை மேடம் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. என்னை இரண்டு நாள் அந்த மரத்தடியில் போய் உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். உங்கள் நடவுப் பெண்கள் விஷயத்திலும் இதுதான் நடக்கும். ஒரே கூட்டமாகப் போகிறவர்களை இரண்டு குழுவாகப் பிரிக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு. முதலில், நடந்துகொண்டிருக்கும் ஒரு நடத்தை மாற்ற ட்ரையலுக்குள் மூன்று நான்கு மாதம் நுழைந்துவிடுங்கள். விடுமுறை போட்டாவது, சம்பளம் இல்லாமலாவது. அங்கே பத்துப் பேரிடம் ஒப்புதல் வாங்குங்கள், இருபது பேருக்கு அளவெடுங்கள், பத்து அமர்வுப் பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடுங்கள், பாதியில் விலகியவர் வீட்டுக்கு இரண்டு முறை போய்ப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் இருக்கிறது. புகையிலையை விடவைக்கும் ஆய்வுகளில் அவர்களுக்கு நீண்ட அனுபவம். அங்கே செய்த ஓர் ஆய்வில், புகைபிடிக்கும் சர்க்கரை நோயாளிகள் 224 பேரில் பாதிப் பேருக்கு டாக்டர் அறிவுரை மட்டும், மீதிப் பேருக்கு அதோடு டாக்டரல்லாத சுகாதாரப் பணியாளரின் கவுன்சலிங். ஆறு மாதத்தில் விட்டவர்கள் முதல் குழுவில் 12.5 சதவீதம், இரண்டாவதில் 51.8. இத்தனைக்கும் 224 பேரை வைத்துச் செய்த அந்த ஆய்வைத் தலைப்பிலேயே பைலட், அதாவது முன்னோட்ட ஆய்வு, என்றுதான் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கைடிடம் இதைக் காட்டுங்கள்.

வழிகாட்டியைத் தேடும்போது எத்தனை கட்டுரை போட்டிருக்கிறார் என்று பார்க்காதீர்கள். "கடைசியாக எப்போது ஓர் அமர்வுப் பதிவை முழுசாகக் கேட்டீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். போன வாரம் என்று சொல்பவரை விட்டுவிடாதீர்கள்.

புள்ளியியல் சரவணன்

மீனா அக்கா சொல்வதையெல்லாம் வழிமொழிகிறேன். என் பக்கத்து விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன்.

ஒரு ஒன்றியம் கவுன்சலிங், ஒரு ஒன்றியம் கன்ட்ரோல் என்ற திட்டத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது ஆர்சிடி இல்லை. 300 பேர் இருந்தாலும் குலுக்கிப் போட்டது இரண்டே இரண்டு பொருளைத்தான். அந்த ஆறு மாதத்தில் ஒரு ஒன்றியத்தில் மட்டும் கடைகளில் புகையிலை ரெய்டு நடந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வெள்ளம் வந்து வேலை நின்றாலோ, வித்தியாசம் கவுன்சலிங்கால் வந்ததா அதனால் வந்ததா என்று எந்தக் கணக்கும் பிரித்துச் சொல்லாது. டெல்லியிலும் சென்னையிலும் பள்ளிப் பிள்ளைகளிடம் புகையிலைத் தடுப்புக்காக மைத்ரி என்ற ட்ரையல் 2004 முதல் 2006 வரை நடந்தது. அதில் குலுக்கியது 32 பள்ளிகளை. இரண்டு பள்ளியை வைத்து அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை.

கிராமம் கிராமமாகப் பிரிப்பதானால் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒரே ஊர்க்காரர்கள் ஓரளவு ஒரே மாதிரி இருப்பார்கள். அந்த ஒற்றுமையை ஐசிசி என்ற எண்ணால் அளப்போம். ஊருக்கு 20 பேர், ஐசிசி 0.05 என்று வையுங்கள். 1 + (19 × 0.05) = 1.95. அதாவது தனித்தனி ஆளாகக் குலுக்கினால் தேவைப்படும் எண்ணிக்கையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும். உங்கள் 300 பேர் கணக்கில் 154 பேராகத்தான் நிற்பார்கள். பகுதிநேர பிஎச்டியில் ஒரே ஆளாக இதை ஈடுகட்ட முடியாது.

அதனால் 50, 60 பேரோடு ஒரு பைலட் செய்யுங்கள். ஆனால் பைலட்டில் எத்தனை பேர் விட்டார்கள் என்ற எண்ணை எடுத்து, அதை வைத்துப் பெரிய ட்ரையலுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று சாம்பிள் சைஸ் போட வேண்டாம். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அது மேலும் கீழும் ஆடும். பைலட் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கூப்பிட்டால் எத்தனை பேர் வருகிறார்கள், ஆறு அமர்வுக்கும் நிற்கிறார்களா, ஆறு மாதம் கழித்து ஆளைப் பிடிக்க முடிகிறதா. 50 பேரில் 40 பேரைக் கடைசியில் பிடித்தீர்கள் என்றால் 80 சதவீதம். அதன் நம்பக எல்லைகூட (உண்மையான சதவீதம் இருக்கக்கூடிய வரம்பு) ஏறத்தாழ 67 முதல் 89 வரை போகும். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

குலுக்கல் பற்றியும் ஒரு வார்த்தை. நான் கணக்குப் பார்த்துக்கொடுத்த ஓர் ஆய்வில் (இடம் வேண்டாம்) குழுவின் பெயரை உள்ளே வைத்து ஒட்டிய உறைகளை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இந்த அம்மாவுக்கு ரொம்பத் தேவை" என்று இரக்கப்பட்டு மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் ஒன்றரை வருட உழைப்பு போனது. களத்தில் இல்லாத ஒருவரிடம் குலுக்கல் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். ஒப்புதல் வாங்கி, முதல் அளவும் எடுத்து முடித்த பிறகு அவருக்குப் போன் போட்டுக் குழுவைக் கேளுங்கள்.

முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ என்ற இந்திய ட்ரையல் பதிவேட்டில் பதிவு செய்துவிட வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் ஆய்வு தொடங்கிய பிறகு வரும் பதிவுகளை அவர்கள் ஏற்பதில்லை. பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

டெல்டா நர்ஸ்

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. மூன்று முறை படித்தேன். மரத்தடி விஷயம் அப்படியே எங்கள் ஊர். நடவுக்கு ஒரு கொத்தாக எட்டுப் பத்துப் பேர் ஒரே வேனில் போவார்கள். ஆக, ஆளைப் பிரிக்காமல் கொத்தைத்தான் பிரிக்க வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு சந்தேகம். விட்டேன் என்று சொன்னால் அதை எப்படிச் சரிபார்ப்பது? அப்புறம், நான் 50 பேரோடு நிறுத்திக்கொண்டால் டாக்டரல் கமிட்டி "இது பிஎச்டிக்குப் போதுமா" என்று கேட்காதா?

கயல், பால்டிமோர்

நான் அமெரிக்காவில் பொது சுகாதாரத்தில் பிஎச்டி செய்கிறேன். உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு இங்குள்ள நடைமுறை உதவலாம்.

பிஎச்டி மாணவர்களுக்கு, மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்ஐஎச் கொடுக்கும் எஃப்31 என்ற உதவித்தொகையில், மாணவர் தானே பொறுப்பேற்று ஒரு ட்ரையலை நடத்த அனுமதி இல்லை. வழிகாட்டி பொறுப்பேற்கும் ட்ரையலுக்குள் சேர்ந்து அனுபவம் பெறலாம் என்றுதான் விதி. இவ்வளவு பணமும் ஆளும் இருக்கும் இடத்திலேயே, ட்ரையலை முதலில் இன்னொருவர் நிழலில் கற்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 2014ல் என்ஐஎச் தன் வரையறையைத் திருத்தியபோது, நடத்தையில் வரும் மாற்றத்தை அளக்கும் ஆய்வையும் ட்ரையல் என்றே தெளிவாக எழுதியது. அதனால் கவுன்சலிங் ஆய்வு செய்பவர்களுக்கும் இந்த விதி பொருந்தும்.

விண்ணப்பத்தோடு ஒரு பயிற்சித் திட்டம் தர வேண்டும். யார் எனக்கு எதைக் கற்றுத்தருவார், எந்த மாதத்தில், எப்படி என்று வரிவரியாக. என்னுடையதில் அமர்வுகளைக் கேட்டு மதிப்பிடக் கற்பது ஒருவரிடம், விடுபட்ட தரவுகளைக் கையாள்வது இன்னொருவரிடம், பாதுகாப்புக் கண்காணிப்புக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பது மூன்றாமவரிடம். ஒரே ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது அதை எழுதும்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் கைடையும் அதில் சேருங்கள். களத்தில் ஆட்களைத் திரட்டவும், கேள்வித்தாள் அமைக்கவும் சர்வே செய்தவரைவிட நல்ல ஆசிரியர் யார் கிடைப்பார்? ஒரு பக்கம் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வெளியிலிருந்து இணை வழிகாட்டி வைக்க யுஜிசியின் 2022 பிஎச்டி விதிகளிலேயே இடம் இருக்கிறது.

கமிட்டி கேட்டால் ஆர்பிட் மாதிரியைக் காட்டுங்கள். நடத்தை மாற்றச் சிகிச்சைகளை எப்படிப் படிப்படியாக உருவாக்குவது என்று 2015ல் வெளியிட்டார்கள். முதலில் வடிவமைத்துச் செதுக்குவது, அடுத்து சிலரிடம் முயன்று பைலட் செய்வது, மூன்றாவதாகத்தான் பெரிய ட்ரையல். சரிவராவிட்டால் முந்தைய படிக்குத் திரும்பலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. முதல் இரண்டு படி ஒரு தீசிஸுக்குத் தாராளம்.

சமூக, நடத்தை ஆய்வுகளுக்கென்றே தனியாக ஜிசிபி (ட்ரையலை முறையாக நடத்தும் நெறிகள்) பாடம் ஒன்றை என்ஐஎச் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. மருந்து ட்ரையல்காரர்களுக்கான ஜிசிபியைப் படித்துக் குழம்புவதற்குப் பதில் அதில் தொடங்குங்கள்.

களத்து மீனா

கயல் சொன்ன ஒரு பக்க ஒப்பந்தம் அருமை. எங்களுக்கு அது வாய்மொழியாக இருந்தது, எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சரிபார்ப்பதற்கு, சிறுநீரில் கோட்டினின் பார்க்கலாம். நிகோட்டின் உடலுக்குள் கோட்டினினாக மாறும். அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகும். ஆகவே கடைசிச் சில நாட்களைப் பற்றித்தான் அது பேசும், ஆறு மாதமும் விட்டிருந்தாரா என்று சொல்லாது. நிகோட்டின் சூயிங்கம் எடுப்பவருக்கும் காட்டும். அதனால் கேள்வி, சோதனை இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். சோதனையில் பொய் வெளிப்பட்டால் அந்தப் பெண்ணை யாரும் குத்திக் காட்டக் கூடாது என்பதையும் ஒப்புதல் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் ஆய்வில் அப்படி ஒரு முறை ஒரு களப்பணியாளர் கேட்டுவிட, அந்த அம்மா அதற்கப்புறம் எங்களைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் நான்கு முறை போயும் திறக்கவில்லை. அவர் தரவு போனதைவிட, அவரைப் புண்படுத்தியது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

தொடங்குவதற்கு முன், இருபது பெண்களிடம் சும்மா பேசுங்கள். விடச் சொல்வதற்காக இல்லை, ஏன் போடுகிறார்கள் என்று கேட்பதற்காக. பசி தெரியாது என்று நீங்களே எழுதினீர்கள். பதினோரு மணிக்கு வயலில் சாப்பிட எதுவும் இல்லாத பெண்ணிடம் புற்றுநோய்ப் படத்தைக் காட்டி என்ன பயன்? உங்கள் ஆறு அமர்வில் ஓர் அமர்வு அந்தப் பசியைப் பற்றியே இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை நான் சொல்லக் கூடாது, அந்த இருபது பேர் சொல்ல வேண்டும்.

டெல்டா நர்ஸ்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சரவணன் அண்ணாவின் 154 கணக்கைத் தாளில் போட்டுக் கைடிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை எனக்கும் யாரும் சொல்லித்தரலைம்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இணை வழிகாட்டிக்குச் சம்மதித்துவிட்டார். கடிதம் அவர் பெயரிலேயே போகிறது. தலைப்பில் இப்போது பைலட் என்று இருக்கிறது.

மீனா அக்கா, ஓர் அமர்வை நடத்திப் பதிவு செய்து அனுப்பினால் கேட்பீர்களா?

களத்து மீனா

கட்டாயம் கேட்கிறேன். எத்திக்ஸ் அனுமதி வரும்வரை ஊர்ப் பெண்கள் யாரையும் பதிவு செய்ய வேண்டாம். உங்களோடு வேலை பார்க்கும் ஒருவரைப் புகையிலை போடும் பெண்ணாக நடிக்கச் சொல்லுங்கள். சுலபமாக ஒத்துக்கொள்ளக் கூடாது, "இதை விட்டா எனக்கு வேலையே ஓடாது" என்று மறுத்துப் பேச வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழுப் பதிவையும் வெட்டாமல் அனுப்புங்கள். நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்று முதலில் நீங்களே எண்ணி எழுதி வையுங்கள். நானும் தனியாக எண்ணுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை போனில் இரண்டையும் வைத்துப் பார்ப்போம்.